வெல்லத் தண்ணீரில் கழன்ற ஃப்ளைவீல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இந்த வயதிலும் எனக்குத் தடுமாற்றம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெயர், போன் நம்பர், சாமான் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அச்சுக் கோக்கிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்திவிடாதீர்கள்.

பெரம்பலூர் மெக்கானிக்குகள் சேர்ந்து போடுகிற மலருக்கு என்னை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தோள்பட்டை தேய்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனதால் நான் பட்டறை வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. வண்டிக்கு அடியில் குழிக்குள் இறங்கி மேலே பார்த்து வேலை செய்கிறவனுக்குக் கை தூக்க முடியாவிட்டால் வேறு என்ன இருக்கிறது. இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால், வெல்லம் வைத்து ஃப்ளைவீல் கழற்றியவர் என்று ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். அந்தக் கதை பாதிதான் வெளியே இருக்கிறது. மீதிப் பாதியை எழுதத்தான் ஒத்துக்கொண்டேன்.

நான் தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மூன்று பட்டறை மாறினேன். அடி வாங்கினேன், ஸ்பேனர் நம்பர் மனப்பாடம் ஆனது, ஒரு விரல் நகம் திரும்ப முளைக்கவே இல்லை. நான்காவதாகப் போன இடம் துறையூர் சாலையில் ராஜாத்தி அக்காவின் பட்டறை. அங்கேயே கடைசி வரைக்கும் இருந்துவிட்டேன்.

பட்டறை அக்காவின் வீட்டுக்காரர் போட்டது. நான் சேர்ந்த இரண்டாம் வருடம் அவர் இறந்துபோனார். விற்றுவிட்டுப் போகச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் காலையில் அக்கா வந்து, முன்னால் கிடந்த இரும்பு மேசையில் உட்கார்ந்தார். அவர் ஸ்பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் காது இருக்கிறதே, அது ஸ்பேனர் பிடித்த எங்கள் யாருக்கும் கிடையாது. ஒருமுறை ஒரு வண்டிக்குக் கிளட்ச் மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து காட்டினேன். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உள்ளே துணி உரசுகிற சத்தம் வருகிறது என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கியர் பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்த்தால், நான் கை துடைத்த துணி உள்ளே கிடந்தது.

அக்கா கத்தமாட்டார். எங்களை எப்போதும் 'வாப்பா, போப்பா' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடும். அன்றைக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, "என்னங்க துரை சார், உங்க துண்டுங்களா? எடுத்துக்கங்க" என்றார். அந்த 'ங்க'வுக்குப் பயந்துதான் நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம். என் பெயர் சின்னதுரை. யார் என்னைத் துரை சார் என்று கூப்பிட்டாலும் என்ன தப்பு செய்தேன் என்றுதான் இன்றைக்கும் முதலில் தேடுவேன்.

அக்கா கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த வண்டி வந்தாலும், திறப்பதற்கு முன்னால் அடிப்பக்கம் முழுவதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அழுக்கோடு திறந்தால் அழுக்கு உள்ளே போகும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அக்காவே சொல்வார்: நம்மை நம்பி விட்டுவிட்டுப் போன பொருள், அதன் முகத்தைக் கழுவிவிடாமல் தொடக் கூடாது. மற்றப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் கழுவின வண்டியில் கசிவு எங்கே, வெடிப்பு எங்கே என்று பளிச்சென்று தெரியும். நல்ல வழக்கம்தான். அந்த ஒரு வண்டியைத் தவிர வேறு எதற்கும் அதனால் கெடுதல் வந்ததில்லை.

அந்த வண்டி காளியமூர்த்தி அண்ணனுடையது. பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். அவர் அரியலூர்க்காரர். ஒரு சிமெண்ட் ஆலையில் அதிகாரிகளை ஏற்றி இறக்க அவருடைய பழைய டீசல் காரை வாடகைக்கு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் பதினோரு வருடம் அடுத்தவன் லாரியை ஓட்டியவர். சொந்த வண்டி என்று வந்த பிறகுதான் ராத்திரி வீட்டில் தூங்குகிறேன் என்பார்.

வண்டியில் கோளாறு இதுதான். என்ஜினின் பின்பக்கம் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அதுதான் ஃப்ளைவீல். அதன் விளிம்பைச் சுற்றிப் பல் வைத்த வளையம் மாட்டியிருக்கும். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் அந்தப் பல்லைப் பிடித்துத்தான் என்ஜினைச் சுற்றிவிடும். அண்ணன் வண்டியில் பாதிப் பல் மழுங்கிவிட்டது. சாவி போட்டால் 'கர்ர்' என்று சத்தம் வரும், வண்டி வராது. ஆலைக்குள் அதிகாரியை உட்காரவைத்துக்கொண்டு நாலு பேரைத் தள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அதிகாரி, ஒன்பது நாள் தருகிறேன், வருகிற திங்களை விட்டு அடுத்த திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி கேட்டில் சாவி போட்டதும் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். வேறு வண்டி ஒன்று ஏற்கெனவே வரிசையில் நின்றது.

சனிக்கிழமை மத்தியானம் வண்டி எங்களிடம் வந்தது. அக்கா பார்த்துவிட்டு, கழுவிவை என்று சொன்னார். நான் அடியில் குனிந்து பார்த்தேன். ஃப்ளைவீல் இருக்கிற கூட்டுக்குக் கீழே ஒரு தகர மூடி இருக்க வேண்டும். அது இல்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே விரலை விட்டேன். மாவு போலச் சாம்பல் நிறத்தில் தூசி ஒட்டியது.

அது சிமெண்ட் தூசி என்று எனக்குத் தெரியும். நான் பிறந்த ஊர் அரியலூர்ப் பக்கம்தான். எங்கள் வீட்டு ஓட்டின் மேல் அந்தத் தூசி படியும். முதல் மழைக்கு நனைந்து, வெயில் பட்டால், பூசிவிட்ட மாதிரி இறுகிவிடும். அப்பா ஏறி உளி வைத்துக் கொத்துவார். இதில் தண்ணீர் அடிக்கக் கூடாது, முதலில் காற்று அடித்து ஊதிவிட வேண்டும் என்று என் மனதுக்குத் தோன்றியது. தோன்றியது என்று கூடச் சொல்ல முடியாது, தெரிந்தது.

அக்கா பக்கத்தில்தான் நின்றார். ஆனால் காளியமூர்த்தி அண்ணனும் நின்றார். முதல்முறை வருகிறவர். அவர் முன்னால் அக்காவிடம் போய், நீங்கள் சொல்வது சரியில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குப் புது ஆள் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. ஒரு பயல் என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்துக்கொள்வார்களோ என்று இருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டேன். சாம்பல் கரைத்த மாதிரி நீர் வழிந்தது. போனது போகட்டும், மீதி காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதுப் பல் வளையம் திருச்சியிலிருந்து வர வியாழக்கிழமை ஆகிவிட்டது. ஐந்து நாள் வண்டி வெயிலில் நின்றது.

வியாழன் காலையில் கியர் பாக்ஸை இறக்கினேன். கிளட்சை எடுத்தேன். ஃப்ளைவீல் வெளியே தெரிந்தது. இதைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. முதலில் ஃப்ளைவீலிலும் அது உட்காருகிற என்ஜின் தண்டான கிராங்க் முனையிலும் ஒரே நேராக அடையாளம் போட வேண்டும், திரும்ப அதே இடத்தில் மாட்டுவதற்காக. அப்புறம் சக்கரம் சுற்றாமல் ஒரு பட்டையை முட்டுக்கொடுத்து, ஆறு போல்ட்டையும் எதிரெதிராகத் தளர்த்த வேண்டும். நாலை எடுத்துவிட்டு, இரண்டை மட்டும் நாலு மரை உள்ளே விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் திடீரென்று கழன்று நெஞ்சில் விழும். விழுந்தால் எழுந்திருக்க முடியாது. பிறகு பித்தளைக் கம்பியை வைத்து, கால் சுற்றுக்கு ஒரு தட்டு என்று சுற்றிச் சுற்றித் தட்டினால் வந்துவிடும்.

வரவில்லை. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் கழித்துத் தட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டினேன். கல்லில் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. விளக்கைக் கிட்டே பிடித்தேன். சக்கரமும் கிராங்கும் சேருகிற இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். உதிரவில்லை.

குழிக்கு மேலே காளியமூர்த்தி அண்ணன் குந்தியிருந்தார். "என்ன தம்பி, வரமாட்டேங்குதா? அதுக்கு என்னய விட்டுப் பிரிய மனசில்ல. பெரிய சுத்தியை எடுத்து ஓங்கி ஒண்ணு போடு" என்றார்.

ஓங்கிப் போடக் கூடாது. பழைய இரும்பு வார்ப்பு, வெடித்துவிடும். அந்த மாடல் வண்டி தயாரிப்பதையே நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பல் வளையத்துக்கே ஐந்து நாள் ஆனது, முழுச் சக்கரம் கிடைக்கவே கிடைக்காது. வெடித்தால் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். இதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அதுவரைக்கும் கிண்டல் செய்துகொண்டிருந்த அண்ணன் குழி ஓரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப மறுபடி லாரிதான்" என்று மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா மேசையிலிருந்து எழுந்து வந்து குழியை எட்டிப் பார்த்தார். "என்னங்க துரை சார், கழண்டுதுங்களா?" என்று கேட்டார். நான் எண்ணெய்க் குப்பியை எடுத்து அந்த வெள்ளைக் கோட்டில் மறுபடி விட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் முடியவில்லை. என் மனைவி செல்வி கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பிறகும் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனவள். சிமெண்ட் என்றதும் சிரித்தாள். "கலவை போடுற எடத்துல கொத்தனாரு டீ கிளாசைக் கிட்ட கொண்டாற விடமாட்டாரு. சர்க்கர விழுந்தா கலவை இறுகாது. கலவை மிஷினுல ஒட்டிக்கிட்டதுக்கே வெல்லத்தைக் கரைச்சு ஊத்தி ஊறவெப்பாங்க. ஊறுனா பொருக்கு பொருக்கா வந்துடும்" என்றாள். ஆசிட் வைத்தாலும் போகும், ஆனால் ஆசிட் இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். வெல்லம் இரும்பை ஒன்றும் செய்யாது. அவ்வளவுதான் வெல்லத்தின் ரகசியம். அது என் மூளையில் உதித்தது இல்லை. செல்வியுடையது.

"மொதல்ல அக்காகிட்ட உண்மையச் சொல்லிட்டு அப்பறம் வெல்லத்த வாங்கு" என்றும் அவள்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வருவதற்கு முன்னால் போய் நின்றேன். அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருப்பேன். அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"தண்ணி அடிக்கறப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

"அவரு நின்னாருக்கா. புது ஆளு."

அக்கா துணியை மேசையில் போட்டார். "நான் என்ன பேயா பிசாசா? தனியாக் கூப்புட்டு, அக்கா இங்க வாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். என்னைச் சார் என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

காளியமூர்த்தி அண்ணன் அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்கா எழுந்து போய் அவரிடம், "தப்பு என்னுதுங்க. சிமெண்ட் தூசின்னு பாக்காம கழுவச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள எப்புடியாச்சும் கழட்டித் தர்றோம்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நான்தான், எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு நிமிடம் கூட இல்லை, அரை நிமிடம். அதையும் விட்டுவிட்டேன்.

இரண்டு கிலோ வெல்லம் வாங்கி, கெட்டியாகக் கரைத்துக் காய்ச்சினேன். சக்கரம் நிமிர்ந்து நிற்பதால் ஊற்றினால் வழிந்துவிடும். அதனால் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி மாதிரி முறுக்கி, அந்த வெள்ளைக் கோட்டின் மேல் சுற்றிலும் அழுத்திவைத்தேன். கீழ்ப்பக்கம் கிரீஸ் வைத்து அணை கட்டினேன். மணிக்கு ஒருதரம் எண்ணெய்க் குப்பியில் சூடான வெல்லத் தண்ணீரை நிரப்பித் திரியை நனைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில் போனால் குழி முழுவதும் எறும்பு. சுவரில் வரிசை, வண்டி டயரில் வரிசை. அக்கா குழியைச் சுற்றி மஞ்சள்தூள் போட்டுக்கொண்டிருந்தார். காளியமூர்த்தி அண்ணனால் கவலையோடு கூட வாயைச் சும்மா வைத்திருக்க முடியாது. "குளிப்பாட்டியாச்சு, வெல்லம் ஊட்டியாச்சு. பொட்டு வெச்சு வுட்டீங்கன்னா பொண்ணு பாக்க வரச் சொல்லிடலாம்" என்றார். அக்கா சிரித்தார். அன்றைக்கு முழுவதும் எறும்புக் கடியோடு வேலை செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கோட்டைச் சுரண்டினேன். ஈரக் களிமண் மாதிரி ஒரு துண்டு வந்தது. ஊசியால் கிளறிக்கொண்டே போனதில், சக்கரத்தின் நடுப்பக்கம் எதிரெதிராக இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தது. இரண்டிலும் மரை இருந்தது. இந்த மாடலில் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சிமெண்ட் அடைத்துக்கொண்டிருந்ததால் கண்ணுக்கே தெரியவில்லை. சக்கரத்தை வெளியே தள்ளுவதற்கு என்றே விட்டிருக்கிற ஓட்டைகள் அவை. அதில் போல்ட்டை முறுக்கினால், போல்ட் முனை கிராங்கில் முட்டி, சக்கரம் தன்னாலே பின்னால் நகரும். ஓட்டையைத் தோண்டி எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. இன்னொரு ராத்திரி ஊறட்டும் என்று விட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு போல்ட்டைப் போட்டேன். இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஒரு பக்கம் கூட முறுக்கினால் சக்கரம் சாய்ந்து, முன்னைவிட மோசமாகக் கடித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் கால் திருப்பு, அந்தப் பக்கம் கால் திருப்பு. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பித்தளைக் கம்பியால் ஒரு தட்டு. அக்கா குழிக்கு மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தட்டும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தேன். ஒரு சமயம், "சத்தம் மாறுது துரை" என்றார். எனக்கு மாறின மாதிரி தெரியவில்லை. இன்னும் இரண்டு கால் திருப்பு போனதும், சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கோடு விரிசல் விட்டது. சக்கரம் ஒரு நூல் அளவு பின்னால் வந்து, நான் விட்டுவைத்த இரண்டு போல்ட்டில் தொங்கியது.

காளியமூர்த்தி அண்ணன் குழிக்குள் இறங்கி, என்னோடு சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சக்கரத்தைத் தூக்கிக் கோணியில் வைத்ததும், விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். வெடிப்பு இல்லை.

பழைய வளையத்தை வெட்டி எடுத்து, புது வளையத்தை அடுப்பில் சூடாக்கி, விரிந்த சூட்டோடு சக்கரத்தில் இறக்கினோம். ஆறினதும் கவ்விக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் எல்லாம் மாட்டியாகிவிட்டது. அண்ணன் சாவி போட்டார். அரைச் சுற்றில் வண்டி பிடித்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, போகலாம் என்றார். திங்கள் காலை ஆறு மணிக்கு வண்டி கேட்டில் நின்றது. அதற்கப்புறம் ஏழு வருடம் அந்த ஆலைக்கு ஓடியது.

வெளியே இருக்கிற கதை இதோடு முடிந்துவிடும். மீதி இதுதான். காளியமூர்த்தி அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் பட்டறையைத் தவிர வேறு எங்கும் வண்டி விட்டதில்லை. எப்போது வந்தாலும், நாலு பேர் இருக்கும்போது அக்காவைச் சீண்டுவார். "இவங்கதான் என் வண்டியக் குளிப்பாட்டியே கொல்லப் பாத்தவங்க. துரை தம்பி இல்லன்னா நான் இன்னிக்கி லாரிதான்" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, நான்தான்" என்பார். பட்டறை மூடுகிற வரைக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் நான் குழிக்குள் குனிந்துகொள்வேன்.

அக்கா இப்போது மகளோடு திருச்சியில் இருக்கிறார். மேலே உள்ளதை எழுதி முடித்ததும் போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தார். முடிந்ததும், "உனக்குத் தெரிஞ்சும் கழுவினேன்னு போட்டிருக்க பாரு, அத எடுத்துடு. சொன்னவ நான். பேரு கெட்டா எனக்குக் கெடட்டும்" என்றார்.

"மாட்டேன்க்கா" என்றேன். அவர் சொன்ன எதற்கும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அப்பன்னா புஸ்தகத்துல பாத்து அவரு தெரிஞ்சுக்கக் கூடாது. நேர்ல போய்ச் சொல்லிட்டு அப்பறம் குடு" என்றார்.

நேற்று குன்னம் வழியாக அரியலூர் பஸ் பிடித்துப் போனேன். அண்ணன் வீட்டில் இருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். அப்புறம் சொன்னேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத்தனை வருசமா அந்தம்மாவ நாலு பேரு முன்னாடி சொல்லிக்கிட்டு இருந்தேனேய்யா" என்றார்.

பிறகு என்னிடம் அக்காவின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மணி போனது. "அக்கா, நான் காளியமூர்த்திங்க" என்று சொல்லிவிட்டு, எழுந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

சின்னதுரை
பெரம்பலூர்
கார்த்திகை 9, செவ்வாய்க்கிழமை